ஹக்கர் என்று யாரைச் சொல்வது?

(தண்ணீரூற்றில் உயர்தர மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2000ஆம் ஆண்டு மே 23ஆம் திகதி அமெரிக்கக் காங்கிரசின் குழு ஒன்றின் முன்னால் டொரத்தி டெனிங் என்ற கணினிப் பேராசிரியர் சாட்சியம் சொன்னார். விடயம் சைபர் பயங்கரவாதம். அதில் எங்களைப் பற்றியும் ஒரு பந்தி வருகிறது. 1998இல் தமிழ்க் கெரில்லாக்கள் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரண்டு கிழமை அனுப்பித் திணறடித்தார்கள். அனுப்பியவர்கள் தங்களை ‘இன்ரநெற் கரும்புலிகள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். பயங்கரவாதிகள் ஒரு நாட்டின் கணினிகள் மீது நடத்திய, தெரியவந்த முதலாவது தாக்குதல் இதுதான் என்று உளவுத்துறையினர் கருதுகிறார்கள். அந்தப் பந்தியின் சாரம் இவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு இந்தத் துறையில் எழுதப்பட்ட ஏராளமான நூல்களும் கட்டுரைகளும் இதையே எடுத்து எடுத்து எழுதியிருக்கின்றன. உலகக் கணினி வரலாற்றில் தமிழர் பெயர் இடம்பெறும் இடங்களில் இதுவும் ஒன்று.

அந்த 1998இல் இந்த ஊர் எப்படி இருந்தது என்று ஐம்பதைக் கடந்தவர்களைக் கேளுங்கள். மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட காலம். யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்கள் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டிருந்தார்கள். மின்னஞ்சல் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே இங்கே மிகச் சிலராகத்தான் இருந்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் உலகின் முதலாவது சைபர் பயங்கரவாதிகள் என்ற பட்டம் தமிழர் பெயரில் எழுதப்பட்டது.

இதன் அரசியலைப் பேச வேறு மேடைகள் உண்டு. நான் கேட்க வந்தது வேறொரு கேள்வி. அது ஹக்கிங்தானா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 800, பதினான்கு நாள்; மொத்தம் 11,200 மின்னஞ்சல். யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. எந்தக் கணினிக்குள்ளும் யாரும் நுழையவில்லை. எந்தக் கோப்பும் அழிக்கப்படவில்லை. முகவரி தெரிந்த எவரும் அனுப்பக்கூடிய மின்னஞ்சலை அளவுக்கு மீறி அனுப்பினார்கள். தூதரகத்துக்குச் சிரமம்தான், மறுப்பதற்கில்லை. அமெரிக்க இராசாங்கத் திணைக்களத்தின் அறிக்கையும் இதை மின்னஞ்சல் தொல்லை என்றே குறிப்பிட்டது. டெனிங்கின் சாட்சியத்தை முழுவதும் வாசித்தால் இன்னொரு விசித்திரம் தெரியும். சைபர் பயங்கரவாதம் என்றால் அது உயிர்களுக்கோ உடைமைகளுக்கோ சேதம் விளைவிக்க வேண்டும், குறைந்தது பெரும் அச்சத்தையாவது உண்டாக்க வேண்டும், வெறும் செலவும் தொல்லையும் தருவது அதற்குள் அடங்காது என்று அவரே வரையறுக்கிறார். அப்படியானால் முதலாவது தாக்குதல் என்று பெயர் எடுத்ததே அந்த வரையறைக்கு வெளியேதான் நிற்கிறது. என்னைக் கேட்டால் ‘தொல்லை’ என்று எழுதிய அதிகாரிதான் சரியான சொல்லைப் பிடித்தவர்.

இந்தக் குழப்பம் எங்கள் விடயத்தில் மட்டும் நடந்ததல்ல. ஹக்கர் என்ற சொல்லே பிறந்த நாளிலிருந்து குழப்பத்தோடுதான் வளர்ந்திருக்கிறது.

நீங்கள் இணையத்தில் தேடினால் ஒரு கதை கிடைக்கும். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், அதாவது எம்.ஐ.ரி.யில், மாதிரி ரயில் செய்து விளையாடும் மாணவர் கழகம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகள் ரயில் தண்டவாளங்களுக்குக் கீழே சிக்கலான மின்சுற்றுகளை அமைத்தார்கள், பிறகு கணினிப் பக்கம் வந்தார்கள். அவர்கள்தான் முதல் ஹக்கர்கள், நல்லவர்கள், ஒரு பொருளைத் தோண்டித் துருவி அறிவதில் இன்பம் காண்பவர்கள். பிற்காலத்தில் பத்திரிகைக்காரர் அந்த நல்ல சொல்லைத் திருடர்களுக்குக் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். ஸ்ரீவன் லெவி 1984இல் எழுதிய ‘ஹக்கர்ஸ்’ நூலுக்குப் பிறகு இந்தக் கதை பரவலாகிவிட்டது.

அழகான கதைதான். ஆனால் பாதிதான் உண்மை. அந்த ரயில் கழகத்தில் பீற்றர் சாம்சன் என்ற மாணவர் 1959இல் தொகுத்த அகராதியில், ஆக்கபூர்வமான நோக்கம் ஏதும் இல்லாமல் செய்கிற வேலைக்குத்தான் ஹக் என்று பொருள் சொல்லியிருந்தார்கள். அறிவுத் தேடல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இளந்தாரிப் பெடியள் தங்களைத் தாங்களே பகிடி பண்ணிக்கொண்ட சொல். அடுத்ததைக் கேளுங்கள். 1963 நொவெம்பர் 20ஆம் திகதி எம்.ஐ.ரி. மாணவர் பத்திரிகையான ‘த ரெக்’ ஒரு செய்தி போட்டது. ஹக்கர்கள் என்று சொல்லப்படுவோரின் வேலையால் நிறுவனத்தின் தொலைபேசிச் சேவைகள் பல குறைக்கப்பட்டுவிட்டன என்பது செய்தி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் எம்.ஐ.ரி.க்கும் இடையிலான இணைப்புக் கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருந்தார்கள். தூர இடங்களுக்குப் பேசிவிட்டுச் செலவை அருகிலிருந்த ராடார் நிலையம் ஒன்றின் கணக்கில் ஏற்றினார்கள். பி.டி.பி.-1 கணினியைத் தொலைபேசியோடு இணைத்து வெளிக்கம்பி தேட விட்டார்கள்.

ஆகவே அச்சில் வந்த மிகப் பழைய ஹக்கர் செய்திகளில் ஒன்றிலேயே களவும் இருக்கிறது, குறும்பும் இருக்கிறது, உண்மையான கெட்டித்தனமும் இருக்கிறது. மூன்றும் ஒரே ஆட்களிடம். இணைப்புகளை நிறைத்து மற்றவர் பேச முடியாமல் செய்ததற்கும் தூதரக அஞ்சல் பெட்டியை நிறைத்ததற்கும் செய்முறையில் என்ன வேறுபாடு? ஒன்று மாணவர் குறும்பு. மற்றது பயங்கரவாதம்.

பத்திரிகைக்காரர் மீது பழி விழுந்த ஆண்டு 1983. மில்வோக்கி நகரத்துப் பெடியள் சிலர், தங்கள் ஊர்த் தொலைபேசிக் குறியீட்டையே பெயராக வைத்து 414 என்று அழைத்துக்கொண்டவர்கள், அணுகுண்டு ஆய்வு நடக்கும் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தின் கணினியிலும், நியூயோர்க் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றின் கணினியிலும் புகுந்துவிட்டார்கள். அதே ஆண்டுதான் ‘வோர் கேம்ஸ்’ திரைப்படமும் வந்தது. அவர்களில் ஒருவரின் படம் நியூஸ்வீக் அட்டையில் வந்தது. எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். இவர்களை எந்தச் சட்டத்தின் கீழ் பிடிப்பது என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை, கணினிக்கென்று கூட்டாட்சிச் சட்டம் ஒன்று அப்போது இல்லை. கடைசியில் வழக்குப் போடப்பட்டது தொல்லை தரும் தொலைபேசி அழைப்பு எடுத்த குற்றத்துக்கு. பார்த்தீர்களா, இங்கேயும் தொல்லைதான்.

இந்த அமளிக்குப் பிறகுதான் பழைய ஆட்கள் 1985 அளவில் ‘கிறக்கர்’ என்று இன்னொரு சொல்லை உண்டாக்கினார்கள். உடைப்பவன் கிறக்கர், ஆக்குபவன் ஹக்கர் என்று பங்கு பிரித்தார்கள். 1993 ஜனவரியில் இணையப் பொறியாளர்கள் வெளியிட்ட சொற்கோவையும் இரண்டையும் தனித்தனியாகத்தான் எழுதியது. ஆனால் சனங்கள் ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணம் சனங்களின் அறியாமை என்று சொல்வார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. பிரிப்பதற்கு ஒரு கோடு அங்கே இருக்கவில்லை. 1988 நொவெம்பர் 2ஆம் திகதி றொபேட் மொறிஸ் என்ற மாணவர் விட்ட புழு நிரல் ஏறத்தாழ 6,000 கணினிகளை முடக்கியது என்று கணித்தார்கள். நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அவர்தான் பிற்காலத்தில் எம்.ஐ.ரி.யிலேயே பேராசிரியர். அவரை எந்தப் பெட்டிக்குள் போடுவது?

‘நிலத்தடி’ என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்களிடமும் தனிச் சொற்கள் இருந்தன. கோர்டன் மேயர் என்பவர் 1989இல் வட இலினோய் பல்கலைக்கழகத்தில் கணினி நிலத்தடியின் சமூக அமைப்பைப் பற்றி முதுமாணி ஆய்வு செய்தார். பொலிசாரின் கோவைகளை மட்டும் நம்பாமல் அந்த ஆட்கள் கூடும் இடங்களிலேயே போய்க் கவனித்தவர். கணினிக்குள் புகுபவன் ஹக்கர், தொலைபேசி வலையமைப்பில் விளையாடுபவன் ஃபிறீக்கர், மென்பொருளைக் களவாகப் பிரதி எடுத்துப் பரப்புபவன் பைரேற் என்று மூன்று சாதி அங்கே இருந்ததை அவர் காட்டினார். வெளியில் இருப்பவர்களுக்கு மூவரும் ஒன்று. உள்ளே ஒருவரை மற்றவரின் பெயரால் அழைக்க முடியாது.

ஃபிறீக்கர்களைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. அமெரிக்கத் தூரத் தொலைபேசிக் கம்பிகள் 2600 ஹேர்ட்ஸ் அதிர்வுள்ள ஓர் ஒலியைக் கேட்டால் இணைப்பு ஓய்வாக இருக்கிறது என்று எண்ணிவிடும், பிறகு காசில்லாமல் பேசலாம். ஜோ எங்கிரெசியா என்ற பார்வையற்ற இளைஞருக்கு அந்தச் சுருதியை வாயாலேயே விசிலடிக்க முடிந்தது. தானியப் பெட்டிக்குள் இலவசமாகப் போடும் பிளாஸ்ரிக் ஊதுகுழலும் அதே சுருதி எழுப்பியது. 1984இல் தொடங்கிய ஒரு சஞ்சிகை 2600 என்றே பெயர் வைத்துக்கொண்டது. கண் தெரியாத ஒருவர் காதால் கண்டுபிடித்த பூட்டுத் திறப்பைக் களவு என்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனம் வருவதில்லை.

1986 ஜனவரியில் ‘த மென்ரர்’ என்ற புனைபெயரில் ஒரு இளைஞர், கைதான பிறகு, ஒரு சிறு கட்டுரை எழுதினார். நிலத்தடி சஞ்சிகையான ‘ஃபிராக்’கின் ஏழாவது இதழில் வந்தது. ஹக்கர் பிரகடனம் என்று இன்றும் பெடியள் சுவரில் ஒட்டி வைக்கிறார்கள். தன் குற்றம் அறியும் ஆவல் என்பதுதான் வாதம். நல்ல எழுத்து. பள்ளிக்கூடத்தில் சலித்துப்போன கெட்டிக்காரப் பிள்ளையின் கோபம் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஓர் ஆள் அதில் இல்லை. புகுந்த கணினியில் அடுத்த நாள் காலை வேலைக்கு வந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் சாதாரண ஊழியர். அந்த ஆளை விட்டுவிட்டால் எல்லா வாதமும் அழகாகத்தான் இருக்கும்.

காங்கிரஸ் குழுவில் சாட்சியம் சொன்ன அதே டெனிங் 1990இல் ஹக்கர்களை நேரில் பேட்டி கண்டு, இவர்கள் கற்கவும் ஆராயவும் விரும்புபவர்கள், இவர்களோடு பேசிப் பழக வேண்டும் என்று ஆதரவாக எழுதியவர் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். பிறகு பொலிசாரோடும் பேசித் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ரயில் கழகத்துக்காரர் சொன்ன கெட்டித்தனம் எங்களிடமும் இருந்தது. பெற்றோல் இல்லாத காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். எஞ்சினை எழுப்ப மட்டும் சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டு மிகக் கொஞ்ச எண்ணெயில் இரவு முழுக்கப் படிக்க வைத்த சிக்கன விளக்கு. செய்தவன் நினைத்ததை விட்டுப் பொருளை வேறு விதமாக வேலை செய்ய வைப்பதுதான் ஹக் என்றால் இவை எல்லாம் ஹக்தான். ஒரு வித்தியாசம் உண்டு. எம்.ஐ.ரி. பெடியளுக்கு அது விளையாட்டு. இங்கே அது வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் வழி.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். அங்கேதான் சொல்லின் விலை தெரியும்.

இந்தியா 2000இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கொண்டுவந்தபோது 66ஆம் பிரிவுக்கு ஹக்கிங் என்றே தலைப்பு வைத்தது. தவறான இழப்பு உண்டாக்கும் எண்ணத்தோடு கணினியிலுள்ள தகவலை அழித்தால், மாற்றினால், பயன் குறைத்தால் அது ஹக்கிங் என்று வரையறுத்தது. விளைவைப் பாருங்கள். அடுத்தவன் கணினிக்குள் புகுந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒன்றையும் தொடாமல் வந்தவன் அந்தப் பிரிவின்படி ஹக்கர் அல்ல. தான் வேலை செய்யும் கந்தோரில், தன் மேசைக் கணினியில், முதலாளி மேலுள்ள கோபத்தில் கணக்குக் கோப்பை அழித்த எழுதுவினைஞர் ஹக்கர். 2008இல் திருத்தி, 2009 ஒக்டோபர் 27 முதல் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். புத்தியான வேலை.

எங்கள் நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு அந்தச் சொல்லின் பக்கம் போகவேயில்லை. அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டே ஒரு கணினிக்குள், அல்லது அதிலுள்ள தகவலுக்குள் புக வேண்டுமென்று ஒருவர் ஒரு செயலைச் செய்தால் போதும். ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கணினியை இயக்கிவிடுவதே போதுமானது என்று அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். ஆவலால் செய்தாயா, கெடுதிக்காகச் செய்தாயா என்று இந்தப் பிரிவு கேட்காது. வேறு குற்றம் செய்யும் எண்ணத்தோடு புகுந்தால் அதற்கு 4ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. மாணவர்களே, இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சிநேகிதியின் போனில் அவள் தூங்கும்போது அவளுடைய பேஸ்புக்கைத் திறந்து பார்ப்பவன் தன்னை ஹக்கர் என்று நினைப்பதில்லை. சட்டமும் அவனை அப்படி அழைக்காது. ஆனால் 3ஆம் பிரிவுக்குள் அவன் வந்துவிடலாம்.

2016 ஓகஸ்ட் மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் இணையத்தளத்தில் ஒரு செய்தி தோன்றியது. உயர்தரப் பரீட்சையைச் சித்திரைப் புத்தாண்டோடு மோத வைக்க வேண்டாம், இந்தத் தளத்தின் பாதுகாப்பையும் கொஞ்சம் கவனியுங்கள் என்றது. கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவர் கைதானார். உலகச் செய்தி நிறுவனங்கள் எல்லாம் ஹக்கர் என்று எழுதின. உங்கள் வயதுப் பிள்ளை, உங்கள் பரீட்சை பற்றிய மனக்குறை. மனு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டிய விடயத்தை ஜனாதிபதியின் பலகையிலேயே எழுதிவிட்டார்.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினம் முடிந்து இரண்டாம் நாள், கூகிள் டொட் எல்கே உட்படச் சில .எல்கே முகவரிகளைத் திறந்தவர்களுக்கு வேறொரு பக்கம் வந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம், ஊடக சுதந்திரம் என்று அந்தப் பக்கம் பேசியது. இதற்கு ‘ஹக்ரிவிசம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு அன்று ஒரு ரூபாய் கூடியதா என்று கேட்டால் இல்லை. ஆனால் கூகிள் தேட வந்த கொழும்புக்காரர் சிலர் அவரைப் பற்றி வாசித்தார்கள்.

2022 ஏப்ரல், பெற்றோல் வரிசைக் காலம். அனோனிமஸ் என்ற உலகக் குழுவை இளைஞர்கள் உதவிக்குக் கூப்பிட்டார்கள். ஏப்ரல் 20ஆம் திகதி மின்சார சபை, பொலிஸ், குடிவரவுத் திணைக்களம் ஆகியவற்றின் தளங்கள் தாக்கப்பட்டன. அந்த அலையில் வெளியே கொட்டப்பட்ட தகவல்களில் அமைச்சர்களின் இரகசியத்தைவிடச் சாதாரண ஆட்களின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும்தான் அதிகம். உதவிக்கு வந்தவர்கள் உதவி கேட்டவனின் பையைத்தான் திறந்து காட்டினார்கள். ஹக்ரிவிசம் என்ற பெயருக்குக் கிடைக்கும் மரியாதையை இந்த வேலைக்கு நான் கொடுக்க மாட்டேன்.

இப்போது சென்னைக்குப் போவோம். லக்ஷ்மன் முத்தையா என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2019இல் இன்ஸ்டகிராமில் ஒரு பிழை கண்டுபிடித்தார். கடவுச்சொல்லை மறந்தால் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று போனுக்கு வரும், பத்து நிமிடத்துக்குள் அதை இட வேண்டும். ஆறு இலக்கம் என்றால் பத்து இலட்சம் சாத்தியம். ஓர் இடத்திலிருந்து திரும்பத் திரும்ப முயன்றால் இன்ஸ்டகிராம் தடுத்துவிடும். இவர் 1,000 வெவ்வேறு இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு இலட்சம் முயற்சிகளை அனுப்பிப் பார்த்தார். தடை விழவில்லை. 5,000 முகவரி இருந்தால் யாருடைய கணக்கையும் திறக்கலாம் என்று பேஸ்புக் நிறுவனத்துக்கு எழுதினார். 30,000 டொலர் பரிசு கொடுத்தார்கள்.

1998இல் 11,200. 2019இல் இரண்டு இலட்சம். இரண்டிலும் நடந்தது வெள்ளம்போல் அனுப்பியதுதான். இன்னும் பார்த்தால் பூட்டைத் திறக்கும் வழியைக் கண்டவர் பின்னவர்தான். ஒன்றுக்குப் பயங்கரவாதம் என்று பெயர், மற்றதற்குப் பரிசு. பெயரைத் தீர்மானித்தது தொழில்நுட்பம் அல்ல. பிழையைத் தேடிச் சொல்லுங்கள் என்று அந்த நிறுவனம் முன்கூட்டியே அனுமதி கொடுத்திருந்தது, அவர் அந்த எல்லைக்குள் நின்றார், கண்டதை வீட்டுக்காரருக்கே சொன்னார். வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தொப்பி என்று கௌபோய்ப் படத்தில் ஆளைப் பிரிப்பதுபோல் ஹக்கர்களைப் பிரிக்கிறார்களே, ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் மற்றதும் போட முடியும். யாருடைய பொருள், யாருடைய சம்மதம், யாருக்குச் சேதம். இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் தொப்பியின் நிறம் எனக்கு முக்கியமில்லை.

இந்தச் சொல்லால் இன்னொரு கேடும் உண்டு. அது நிறையப் பேரைப் பொறுப்பிலிருந்து தப்ப வைக்கிறது. 2023இல் அரசாங்க மின்னஞ்சல் சேவை கப்பம் கேட்கும் நிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான், மீட்க முடியவில்லை. ஹக்கர் அடித்துவிட்டான் என்று சொன்னால் கேட்பவர் எங்கோ இருட்டறையில் முகமூடியோடு இருக்கும் ஒரு மாயாவியை நினைத்துப் பெருமூச்சு விடுவார். ஆனால் அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தது காலாவதியான 2013ஆம் ஆண்டு மென்பொருளில். அந்த மூன்று மாதத்துக்கும் மாற்றுப்பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. அடித்தவன் குற்றவாளிதான். பூட்டை மாற்றாதவரின் பெயரும் அந்தக் கதையில் வர வேண்டாமா?

எங்கள் ஊரிலும் இதேதான். “அக்கா, என்ர பேஸ்புக்கை ஹக் பண்ணிட்டாங்கள்.” “தம்பி, பாங்க் காசு போட்டுது, ஹக் பண்ணிட்டாங்களாம்.” மெல்ல விசாரித்தால் பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ அழைத்திருப்பார், வந்த குறியீட்டை அம்மாவே வாசித்துக் காட்டியிருப்பா. அல்லது போன் திருத்தக் கொடுத்த இடத்தில் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அல்லது முன்பு காதலித்தவனுக்குக் கடவுச்சொல் தெரியும், அவன் அதை மறக்கவில்லை. எம்.ஐ.ரி. கெட்டித்தனம் எதுவும் இங்கே தேவைப்படவில்லை. நான் ஏமாந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. பேசிப் பேசி ஏமாற்றுவதையே தொழிலாகச் செய்பவர்களிடம் படித்தவர்களும் விழுகிறார்கள். அது பழைய வஞ்சனை, கைப்பேசி வழியாக வருகிறது. வஞ்சனை என்றே சொன்னால் ஆளைத் தேடலாம்.

முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு. உங்கள் படத்தைக் காட்டிப் பயமுறுத்துபவன் தன்னைப் பெரிய ஹக்கர் என்று சொல்லிக்கொள்வான், தன்னால் எல்லாம் முடியும் என்பான். பெரும்பாலும் அவனிடம் இருப்பது நீங்கள் நம்பி அனுப்பிய படம் ஒன்று மட்டும்தான். அவனுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். பெற்றோரே, சொல்ல வரும் பிள்ளையை அடிக்காமல் கேளுங்கள்.

கடைசியாக, முறைப்பாடு எழுதுவது பற்றி. பொலிசிலோ வங்கியிலோ இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்புப் பிரிவான சேர்ட்டிலோ போய் “என் கணக்கை ஹக் செய்துவிட்டார்கள்” என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தால் எடுத்தவரால் ஒன்றும் செய்ய முடியாது. இன்ன திகதி, இத்தனை மணிக்கு, இந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது, இன்னாரென்று சொன்னார், இந்தக் குறியீட்டைச் சொன்னேன், எத்தனை நிமிடத்தில் இவ்வளவு ரூபாய் இந்தக் கணக்குக்குப் போனது. இப்படி எழுதுங்கள். வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் கொண்டுபோங்கள். வெட்கத்தில் இரண்டு நாள் வைத்திருக்காமல் அன்றே வங்கிக்கு அழையுங்கள்.

மாணவர் சிலர் தாளில் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அவற்றை எடுத்துக்கொள்வோம். முதலாவது தாளில், பள்ளிக்கூடக் கணினியில் கடவுச்சொல் உடைக்கப் பழகலாமா என்று இருக்கிறது. அதிபரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு வா தம்பி, நானே காட்டித் தருகிறேன்.